மூத்தார் பார்த்தது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் கையெழுத்துப் போடுவதற்கு மேல் பேனா பிடித்ததில்லை. முதலில் நடந்ததைக் கடைசியிலும், கடைசியில் நடந்ததை நடுவிலும் சொல்லிவிடுவேன். இப்போது மறதி வேறு. படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்ல வந்தது என் வீட்டுக்காரருடைய அண்ணனைப் பற்றி. எங்கள் பக்கம் மூத்தார் என்போம். அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதவும் கை வரவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் போய் பழைய சேர்மன் என்றால் அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம் அவர் எங்கள் ஊர் பால் சொசைட்டித் தலைவராக இருந்தார். பிறகு கட்சியில் ஒன்றியச் செயலாளர் ஆனார், பிறகு ஒன்றியத்துக்கே சேர்மன் ஆனார். அப்போதே ஊரை விட்டுத் திருவண்ணாமலை டவுனுக்குக் குடி வந்துவிட்டோம். அடுத்தது எம்.எல்.ஏ.தான் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடித்துக்கொண்டே சொல்வார்கள்.

அவர் பெரிய பேச்சாளர் கிடையாது. மேடையில் ஏறினால் வணக்கம் சொல்லி, மழை நல்லா பேயணும், எல்லாரும் நல்லா இருக்கணும் என்று இறங்கிவிடுவார். அவருக்குத் தெரிந்தது போவது ஒன்றுதான். எங்கேயாவது ஒன்று நடந்தது என்று காதில் விழுந்தால் போதும், துண்டை எடுத்துத் தோளில் போடுவார். "ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

பஸ் கவிழ்ந்தாலும் அதுதான், பங்காளிக்குள் வரப்புச் சண்டை என்றாலும் அதுதான். யாரையும் அனுப்ப மாட்டார், தானே போவார். முகூர்த்த நாளில் ஊர் ஊராகப் போய்த் தாலி கட்டும்போது நின்றுவிட்டு, ஓர் இடத்திலும் சாப்பிடாமல், பசியோடு வீட்டுக்கு வந்து ரசம் கேட்பார். அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்காவுக்கு வாய்த்துடுக்கு. "உங்க எட்டு இன்னா எட்டோ. ராக்கெட்டு விட்டாக்கூட இந்நேரம் திரும்பி வந்திருக்கும்" என்பாள். அவர் சிரிப்பார். மீசைக்கு மை போட்டிருப்பதால் உதடு மட்டும்தான் சிரிக்கும்.

போய்விட்டு வந்தால் என்ன பார்த்தார் என்று சொல்ல மாட்டார். "பாத்தேன்" என்பார், அவ்வளவுதான். இன்னார் இன்னாரை அடித்தார், இன்னார் வீட்டில் இன்ன அசிங்கம் நடந்தது என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. அதனாலேயே அவரை எல்லாருக்கும் பிடித்தது. அடித்தவனும் அவரிடம் வந்து உண்மையைச் சொல்வான், அடி வாங்கினவனும் சொல்வான். இரண்டும் அவருக்குள்ளேயே கிடக்கும். என் வீட்டுக்காரர் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது மூத்தார் யாரோ ஒருவர் வீட்டுச் சாவில் நின்றுகொண்டிருந்தார். அதற்காக நான் அவர்மேல் வருத்தப்பட்டதும் உண்டு.

நாங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாதவர்கள். நானும் அதே ஊர்ப் பெண்தான். அவர் எனக்கு அத்தை மகன். பாவாடை கட்டின வயதில் மாமா மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். அவர் தம்பிக்குக் கழுத்தை நீட்டிய மறுநாளிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. மூத்தார் முன்னால் நிற்கக் கூடாது, உட்காரக் கூடாது, பதில் பேசக் கூடாது. அவரும் என்னைப் பார்க்க மாட்டார். பசித்தால் கூடத்திலிருந்து, "யாருப்பா அங்க, மோர் இருக்குதா?" என்பார். அடுப்பங்கரையில் நான் ஒருத்திதான் இருப்பேன் என்று அவருக்குத் தெரியும். மோர் இருந்தால் சொம்பைத் தரையில் நங்கென்று வைப்பேன். இல்லையென்றால் மூடியை இழுத்து மூடுவேன். "ரசம் நல்லா இருக்குதுன்னு சொல்லுப்பா" என்று காலண்டரைப் பார்த்துச் சொல்வார். அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது. "ஏன்டி, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதுல என் பாத்திரம் எல்லாம் சொட்டையாயிடுச்சு."

இப்படியே எத்தனையோ வருஷம் ஓடியது.

எங்கள் ஊரில் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். வீட்டுக்கு ஒரு பானையில் கூழ் காய்ச்சி, வேப்பிலை சுற்றித் தலையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டு போவார்கள். எல்லார் கூழையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்கி, அதிலிருந்து எல்லாருக்கும் மொள்ளுவார்கள். காலனிக்காரர்கள் பானை கொண்டு வந்ததில்லை. கடைசியில் தள்ளி நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். அவர் சேர்மனாக இருந்த காலத்தில் காலனியில் படித்த பையன்கள் கேட்டார்கள். எங்க பானையும் அந்த அண்டாவுல விழணும் என்றார்கள். ஊரில் பெரியவர்கள், விழுந்தால் நாங்கள் குடிக்க மாட்டோம் என்றார்கள். சின்னவர்கள், கொண்டு வந்தால் பானையை உடைப்போம் என்றார்கள்.

அதிலிருந்து சண்டை பிடித்தது. காலனிக்குப் போகும் குழாயை யாரோ உடைத்தார்கள். ஊரில் ஒரு வைக்கோல் போர் எரிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததற்கு ஒருத்தனை அடித்தார்கள். திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுப் போன் அடித்தாலே அக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொள்வாள். அவர் துண்டை எடுப்பார், போவார். ஜீப் சத்தம் திரும்பி வருகிறவரை நாங்கள் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்ததில்லை. நான் அரிசியைக் களைந்ததையே திரும்பக் களைவேன். வந்து, "பாத்தேன்" என்பார். என்னங்க முடிவாச்சு என்று அக்கா கேட்டால் கை கழுவப் போய்விடுவார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் அவரைத் தன் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்தது. அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் கூழ். மலை சுற்ற வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் அடி அண்ணாமலையில் பந்தல் போட்டு அன்னதானம் செய்வோம். வீடே அங்கே போய்விட்டது. எனக்கு முழங்கால் வலி, நான் மட்டும் இருந்தேன். சாப்பாட்டு வேளைக்கு முன்னால் போன் வந்தது. எடுத்தால் என் அண்ணி, ஊரில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து.

"அடியே, உன் மூத்தாரு இன்னிக்கு ஊருக்கு வர வேணாம்னு சொல்லு. காலனி ஆளுங்க பானை எடுத்துக்கினு கெளம்பப் போறாங்க. நம்ம பசங்க ஏரிக்கரை மேல கல்லோட உக்காந்துக்கினு இருக்காங்க. சேர்மன் வந்தா அவருக்கும் உண்டுன்னு பேசிக்கிறாங்க."

"நம்மவன் எங்க அண்ணி?"

அண்ணி மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. "சொன்னா கேக்க மாட்டேன்றான்டி. நான் போன் பண்ணேன்னு யாருக்கும் சொல்லிடாத."

நம்மவன் என்றால் என் அண்ணன் மகன். எங்கள் வீட்டில் தங்கித்தான் ஐ.டி.ஐ. படித்தான். மூத்தார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன்.

போனை வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்தேன். பந்தலுக்குப் போய்ச் சொல்ல ஆள் இல்லை. அப்போது ஜீப் சத்தம். அவர் மட்டும் உள்ளே வந்தார். ஊரில் சண்டை என்று பந்தலிலேயே அவருக்குச் சேதி வந்துவிட்டது போலிருக்கிறது. "யாருப்பா அங்க, தண்ணி." வைத்தேன். குடித்தார். "ஊருக்கு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

நான் சொம்பை எடுத்து நங்கென்று வைத்தேன். "சோறு வேணாம்னு சொல்லுப்பா, வந்து சாப்புடறேன்." திரும்பவும் வைத்தேன். கரண்டியால் தட்டினேன். "பசிக்கலன்னு சொல்றேன் இல்ல" என்று காலண்டரிடம் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டார்.

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடத்துக்கு வந்துவிட்டேன். "மாமா, ஏரிக்கரை வழியா போவாதீங்க."

அவர் நின்றார். திரும்பவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "யாரு சொன்னது?" என்றார்.

"போன் வந்தது. பசங்க கல்லு வெச்சிருக்காங்களாம்."

"எந்தப் பசங்க?"

"நம்ம பசங்க."

அண்ணன் மகனைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. "நம்ம பசங்கன்னா நான் போய் நின்னா எறங்கிடுவானுங்க. போவலன்னாதான் தப்பாப் போயிடும். நீ பயப்படாதம்மா" என்றார். போய்விட்டார்.

அன்றைக்குத் தெருவெல்லாம் மலை சுற்றுகிற கூட்டம். அரோகரா, அரோகரா என்று போய்க்கொண்டே இருந்தார்கள். நான் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடித்தது. "சேர்மனுக்கு மண்டையில" என்று ஒரு ஆண் குரல், அதோடு கட்டாகிவிட்டது. மண்டையில் என்ன, உயிர் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. பந்தலுக்குப் போகலாம் என்றால் ஆட்டோ ஒன்றும் நகரவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தேன். அக்காவைப் பார்த்தபோது அவள் கரண்டியோடு சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

உயிர் இருந்தது. பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். ஜீப் ஓட்டினவன்தான் நடந்ததைச் சொன்னான். ஏரிக்கரையில் ஜீப்பை நிறுத்திவிட்டு அவர் இறங்கி, பானையோடு வந்த காலனிப் பெண்களுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். கரைமேலிருந்து கல் வந்திருக்கிறது. அவர் விழுந்ததும் காலனிப் பையன் ஒருத்தன் ஓடிவந்து, அவர் துண்டாலேயே தலையைக் கட்டி, தூக்கி ஜீப்பில் போட்டிருக்கிறான். அவன் சட்டையெல்லாம் மூத்தார் ரத்தம்.

சாயங்காலத்துக்குள் போலீஸ் அந்தப் பையனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. ரத்தச் சட்டையோடு ஊருக்குள் நின்றவன் அவன்தான். அவன் கல்லெறிந்ததைப் பார்த்தோம் என்று ஊரில் நாலு பேர் எழுதியும் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டார். "இவன்தானே சார்?"

"பாக்கல" என்றார் மூத்தார்.

"இவன் இல்லன்னா யாருன்னு சொல்லுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜீப் ஓட்டினவனும் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை, அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே.

வீட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் அவர் எங்கேயும் போகவில்லை. அவர் போய்க்கொண்டிருந்தபோது பயந்த பயம் ஒன்றும் பெரிதில்லை, போகாமல் கூடத்தில் கட்டுப் போட்ட தலையோடு உட்கார்ந்திருந்தபோது பயந்த பயம்தான் பெரிது. போன் அடிக்கும், துண்டு கொடியிலேயே தொங்கும். கட்சிக்காரர்கள் வந்தார்கள். "தேர்தல் வருது. சீட்டு உங்களுக்குத்தான்னு மேலிடத்துல பேச்சு. வாயை மட்டும் தெறக்காதீங்க அண்ணே, மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள். பங்காளிகள் வந்தார்கள். அவர்களோடு என் அண்ணனும் வந்தான். "மாப்ள, புள்ளைங்க வாழ்க்கை" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். என் பக்கம் திரும்பவில்லை. அக்காவும், "பேசாம இருங்க. பொண்ணுக்கு வரன் பாக்கணும். நாளைக்கு ஒருத்தன் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டான்" என்றாள். பேசாமல் இருப்பது அவருக்குப் புதிதா என்ன? அதில்தானே பேர் வாங்கினார்.

அந்தப் பையனுடைய அம்மா வந்தாள். காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்து, எங்கள் வீட்டுக்கு எதிரே கைப்பம்புத் திட்டில் உட்காருவாள். கத்த மாட்டாள், மண்ணை வாரி இறைக்க மாட்டாள். வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். கடைசி பஸ்ஸுக்குப் போய்விடுவாள். அக்கா வாசல் தெளிக்கவே வெளியே போகவில்லை, நான்தான் போனேன். ஒரு நாள் மனசு கேட்காமல் சொம்பில் தண்ணி கொண்டு போய்க் கொடுத்தேன்.

"உங்க வூட்டுத் தண்ணி வேணாம்மா" என்றாள். "உங்க வூட்டு வாய்தான் வேணும். ரத்தத்தத் தொடச்சவனத் தூக்கி உள்ள வெச்சிட்டாங்க. அவரு பாத்தாரு இல்ல? எல்லாத்தையும் ஓடி ஓடிப் பாக்கறாரே, பாக்கறது எதுக்கு? சினிமாவா?"

சொம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தண்ணியைக் கீழே ஊற்றவும் மனசு வரவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

அன்றைக்கு மதியம் அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். அவருக்குச் சாப்பாடு வைத்தேன். தட்டை வைத்துவிட்டு நகராமல் அங்கேயே நின்றேன்.

"மாமா, அந்தப் பையன் இல்லன்னு சொல்லிடுங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிறுத்தினார். "சொன்னா அடுத்த கேள்வி கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும்."

"யாரு பேரு வரும்னு உனக்குத் தெரியாது."

"தெரியும். அன்னிக்குப் போன் பண்ணது எங்க அண்ணிதான்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தையல் போட்ட இடம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. "அங்க இருந்தான்னு தெரியும். அவன்தான் எறிஞ்சான்னு தெரியுமா?" என்றார்.

அது எனக்குத் தெரியாது. கூட்டத்தோடு நின்றிருப்பான், பயந்த பிள்ளை, கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருப்பான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னப் பாத்துக்கினேதான் எறிஞ்சான்" என்றார். "சீட்டுக்காக வாய மூடிக்கினு இருக்கறேன்னு வெளியில பேசறாங்க. அதுவும் இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா இந்த வூட்ல சோறு போடறவ பொறந்த வூட்ட நான் எப்பிடி எரிக்கறது? நீ சொல்லு. நீ சொன்னா போறேன்."

இத்தனை வருஷம் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசாதவர், பேசினதும் இதைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டார். அண்ணி போனில் மூக்கை உறிஞ்சினது காதில் கேட்டது. வெளியே பம்புத் திட்டில் அவள் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. போங்க என்று வாயால் சொன்னேனா, தலையை ஆட்டினேனா, எனக்கு ஞாபகம் இல்லை. அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். கொடியிலிருந்து துண்டை எடுத்தார். ஜீப் ஓட்டினவன் அதற்குள் வேலைக்கு வருவதை நிறுத்தியிருந்தான். டி.எஸ்.பி. ஆபீஸுக்கு வெயிலில் நடந்தே போனார். பம்புத் திட்டைத் தாண்டும்போது அவள் எழுந்து பின்னாலேயே போனாள்.

பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டார். கரைமேல் நின்றவர்கள் பேரெல்லாம் சொன்னார். கல்லெறிந்தது யார் என்றும் சொன்னார்.

அந்தப் பையன் வெளியே வந்தான். உடனே இல்லை, நாள் பிடித்தது. அவன் அம்மா ஒரு தடவை வீட்டுக்கு வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று அக்காகூட எழுந்து நின்றாள். அவள் படி ஏறவில்லை. "இதச் சொல்றதுக்கு இத்தன நாளா சேர்மன்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சீட்டை வேறு ஒருத்தருக்குக் கொடுத்தார்கள். சேர்மன் பதவியும் முடிந்தது. ஊரில் அவர் நிலத்துக்குக் களை எடுக்கக்கூட ஆள் வரவில்லை, பங்காளிகள் வர விடவில்லை. பெண்ணுக்கு எங்கேயோ தூரத்தில் வரன் பார்த்தோம். அதற்கப்புறமும் அவர் சும்மா இருக்கவில்லை. டவுனில் எங்கே என்ன நடந்தாலும் போய் நின்றார், தானே சைக்கிளில் போவார். போய் வந்து பார்த்ததைச் சொன்னார். அதனாலேயே அவரை யாரும் கூப்பிடவில்லை. என்னிடம் நேராக, "மோர் இருக்குதாம்மா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். நானும், "இருக்குது மாமா" என்பேன். அக்கா எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள். கொஞ்ச வருஷத்தில் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தார். சாவுக்கு ஊரிலிருந்து அண்ணி மட்டும் வந்தாள். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் பக்கத்தில் போனேன், அவள் கூட்டத்துக்குள் நுழைந்து போய்விட்டாள். என் பிறந்த வீட்டு மனுஷர்களை நான் பார்த்தது அதோடு சரி.

இதில் வருஷம், தேர்தல், எந்த ஞாயிற்றுக்கிழமை என்பதெல்லாம் தப்பாக இருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். அப்படியே இன்னொன்றும் பார்த்துச் சொன்னால் புண்ணியம். என் அண்ணன் மகனுக்குத் தண்டனை ஆனது மட்டும்தான் எனக்குத் தெரியும். அப்பீல் போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வெளியே வந்தானா, எங்கே வேலை செய்கிறான், கல்யாணம் ஆனதா, பிள்ளை குட்டி உண்டா என்று எனக்குச் சொல்ல அந்தப் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. அவனைப் பற்றி நான் தெரியாமல் எதுவும் எழுதிவிடக் கூடாது.